கடிகாரம் கேட்பது பிறந்த ஊர் மின்சாரம்

அமெரிக்காவில் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட டெலிகிரான் மேசைக் கடிகாரம் ஒன்றைச் சென்னையில் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வழியாக இணைத்து, நண்பகல் 12 மணிக்குச் சரியாக வைத்துவிட்டுப் போனால், மாலை 6 மணிக்கு அது 5 என்று காட்டும். மறுநாள் நண்பகலில் காலை 8 மணியில் நிற்கும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்று கணக்குத் தவறாமல் பின்தங்கிக்கொண்டே போகும்.

இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யும் இயந்திரத்தில் பழுது இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் அடுத்து நடப்பது ஒன்றுதான். கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குப் போகிறது. “மோட்டார் பழசு, சரிவராது. மெஷினை மாத்திடலாம்” என்ற பதில் வருகிறது. எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக ஓடிய மின்மோட்டாரும் பித்தளைப் பல்சக்கரங்களும் கழற்றப்பட்டு, ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் குவார்ட்ஸ் மெஷின் அந்த இடத்தில் அமர்கிறது. வெளியே அதே பேக்கலைட் கூடு, அதே முகப்பு, அதே முட்கள். உள்ளே இருந்த கடிகாரம் போய்விட்டது.

இந்த வழக்கம் நிற்க வேண்டும். பழைய மின்சாரக் கடிகாரத்தை அந்நிய நாட்டு மின்சாரத்தில் துல்லியமாக ஓட்டுவது இன்று செய்யக்கூடிய காரியம். அதிகச் செலவும் ஆகாது. செய்தவன் நினைத்துப் பார்த்ததைவிடச் சரியான நேரத்தைக்கூட அதே கடிகாரத்திடமிருந்து வாங்கிவிட முடியும். அதற்குத் தேவை, அது மின்சாரத்திடமிருந்து என்ன வாங்குகிறது என்ற புரிதல்.

பொதுவாக ஒரு மின்கருவி மின்சாரத்திடம் கேட்பது சக்தியை. இந்தக் கடிகாரங்கள் சக்தியோடு நேரத்தையும் சேர்த்துக் கேட்கின்றன. நம் வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை, அதாவது 50 ஹெர்ட்ஸில், முன்னும் பின்னுமாக அலைபாய்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அது 60 முறை. கடிகாரத்துக்குள் இருக்கும் சின்க்ரனஸ் மோட்டார், தாளத்துக்கு அடிவைக்கும் நாட்டியக்காரரைப் போல, அந்த அலைவுக்கு ஏற்பவே சுழலும். அதற்கென்று சொந்த வேகம் கிடையாது. இரண்டு காந்தமுனைகள் கொண்ட டெலிகிரான் ரோட்டார் 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 சுற்று. 50 ஹெர்ட்ஸில் 3000 சுற்று. பல்சக்கரங்கள் 3600 என்ற எண்ணை நம்பி வெட்டப்பட்டவை. 3000 சுற்று வந்தால் எல்லா முள்ளும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நகரும்.

அதாவது இந்தக் கடிகாரம் தானாக நேரத்தை அளப்பதே இல்லை. மின்நிலையம் அளந்து அனுப்பும் நேரத்தை எண்ணிக் காட்டுகிறது. இந்த ஏற்பாட்டை உலகுக்குக் கொடுத்தவர் ஹென்றி வாரன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1872இல் பிறந்து எம்.ஐ.டி.யில் படித்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆஷ்லாந்து என்ற சிற்றூரில் 1912இல் கடிகார நிறுவனம் தொடங்கினார். முதலில் பேட்டரியில் ஓடும் ஊசல் கடிகாரங்களைச் செய்தார். பிறகு, ஊர் முழுக்கக் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தின் அலைவையே ஏன் ஊசலாகப் பயன்படுத்தக் கூடாது என்று யோசித்தார். தானாகவே சுழலத் தொடங்கும் சிறிய சின்க்ரனஸ் மோட்டார் ஒன்றை வடிவமைத்தார்.

மோட்டார் நன்றாகவே ஓடியது. நேரம்தான் சரியாக இல்லை. காரணத்தைத் தேடியபோது குற்றம் மின்நிலையத்தில் இருந்தது. 60 ஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்கப்பட்ட மின்சாரம் சற்று ஏறியும் இறங்கியும் வந்துகொண்டிருந்தது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. மின்நிலையத்தில் இருந்த அளவுமானிகளும் அந்தச் சிறு பிசகைக் காட்டும் அளவுக்கு நுட்பமானவை அல்ல. வாரன் தன் கடிகாரத்தை விட்டுவிட்டு மின்நிலையத்தைத் திருத்தப் போனார். இந்தக் கதையில் மிகவும் பாராட்டத்தக்க முடிவு அதுதான்.

அவர் செய்த முதன்மைக் கடிகாரத்தில் இரண்டு முட்கள் உண்டு. ஒன்றைத் துல்லியமான ஊசல் ஓட்டியது. மற்றொன்றை அந்த மின்நிலையம் தயாரிக்கும் மின்சாரமே ஓட்டியது. இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் அலைவு சரி. மின்சார முள் பின்தங்கினால் பணியாளர் டர்பைனைச் சற்று முடுக்க வேண்டும். முந்தினால் தளர்த்த வேண்டும். 1916ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி, பாஸ்டன் எடிசன் நிறுவனத்தின் எல் தெரு மின்நிலையத்தில் அது பொருத்தப்பட்டது. அன்று முதல் அந்த மின்நிலையத்தின் மின்சாரம் வந்த சாக்கெட்டுகள் நேரத்தையும் தரத் தொடங்கின. மறு ஆண்டே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வாரனின் நிறுவனத்தில் பாதிப் பங்கை வாங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அமெரிக்க மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக இந்த முதன்மைக் கடிகாரத்தை ஏற்றுக்கொண்டன.

வாரனின் நிறுவனம் செய்த கடிகாரம்தான் டெலிகிரான். அதன் வேலைப்பாட்டில் இன்னொரு நேர்மையும் உண்டு. தானாகத் தொடங்கும் கடிகாரத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. இரவில் கால் மணி நேரம் மின்சாரம் போய்த் திரும்பினால், எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டே தவறான நேரத்தைக் காட்டும். அதனால் முகப்பில் ஒரு சிறு துளை வைத்தார்கள். மின்சாரம் ஒரு முறை தடைபட்டுவிட்டால் அங்கே சிவப்புப் பொட்டு தெரியும். கடிகாரத்தை மீண்டும் சரியாக வைக்கும்வரை அது மறையாது. சிகாகோவில் 1928இல் கடிகார நிறுவனம் தொடங்கிய லாரன்ஸ் ஹாமண்ட் வேறு வழியில் போனார். அவருடைய கடிகாரங்கள் பலவற்றில் பின்னால் ஒரு குமிழ் இருக்கும். அதைக் கையால் சுழற்றிவிட்டால்தான் ஓடும். மின்சாரம் போனால் நின்றுவிடும். திரும்பி வந்தாலும் நின்றபடியே இருக்கும். நிற்கும் கடிகாரத்தைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள்.

அதே ஹாமண்ட், அதே வகை மோட்டாரைக்கொண்டு 1935இல் ஹாமண்ட் ஆர்கனை வெளியிட்டார். அந்த வாத்தியத்தின் சுருதியும் மின்சாரத்தின் அலைவிலிருந்து பிறப்பதுதான். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆர்கனை 50 ஹெர்ட்ஸில் இணைத்தால் எல்லா ஸ்வரமும் ஆறுக்கு ஐந்து என்ற விகிதத்தில் இறங்கிவிடும். கர்நாடக இசையில் ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் இடையிலுள்ள அதே இடைவெளி. கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் இழப்பதும் ஆர்கன் சுருதி இறங்குவதும் ஒரே கணக்கு.

உலகம் ஏன் இப்படி இரண்டாகப் பிரிந்தது? அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் 60ஐத் தேர்ந்தது, ஜெர்மனியில் ஏ.இ.ஜி. 50ஐத் தேர்ந்தது. அவரவர் இயந்திரங்களை வாங்கிய நாடுகள் அவரவர் எண்ணையும் சேர்த்து வாங்கின. ஜப்பான் இரண்டையும் வாங்கியது. 1890களில் டோக்கியோ ஏ.இ.ஜி. இயந்திரங்களையும், ஒசாகா ஜெனரல் எலெக்ட்ரிக் இயந்திரங்களையும் தருவித்தன. இன்றுவரை அந்நாட்டின் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60. டோக்கியோவில் வாங்கிய பழைய மின்சாரக் கடிகாரத்துக்குச் சொந்த நாட்டிலேயே ஒசாகா அந்நிய ஊர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பெரும்பகுதி நயாகரா நீர்மின்சாரத்தால் 25 ஹெர்ட்ஸில் இருந்தது. 1949இல் தொடங்கிப் பத்தாண்டுகள் உழைத்து அதை 60க்கு மாற்றினார்கள். தெற்கு கலிஃபோர்னியா எடிசன் பகுதி 1948 வரை 50இல் இருந்து, பிறகு 60க்கு மாறியது. இப்படி மாறிய இடங்களில் எல்லாம் வீட்டுக் கடிகாரங்களையும் கூடவே மாற்ற வேண்டியிருந்தது.

இந்தியாவும் இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும் 50 ஹெர்ட்ஸ் நாடுகள். பிரிட்டனும் அப்படியே. அதனால் பிரிட்டனில் செய்த ஸ்மித்ஸ் செக்ட்ரிக் கடிகாரம் இங்கே எந்த உதவியும் இல்லாமல் ஓடும். வோல்ட்டும் ஏறக்குறைய ஒன்றே, அலைவும் ஒன்றே. சிக்கல் அமெரிக்கக் கடிகாரத்துக்குத்தான். எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. தாத்தா வீட்டுச் சுவரிலிருந்த ஸ்மித்ஸ் கடிகாரத்தை நினைவுக்காக டொரன்டோவுக்கோ நியூ ஜெர்சிக்கோ எடுத்துப்போகும் தமிழ்க் குடும்பத்தில், வோல்ட்டைச் சரிசெய்து ஓட்டினாலும், அது மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தும். ஒரு நாள் முடிவதற்குள் ஐந்து மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் குறைவாக முன்னே போயிருக்கும்.

இங்கேதான் பலரும் தவறான மருந்தை வாங்குகிறார்கள். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 115 ஆக்கும். அலைவில் அது கைவைக்காது. 50 உள்ளே போனால் 50தான் வெளியே வரும். “அமெரிக்கப் பொருட்களுக்கு ஏற்றது” என்று எழுதி விற்கப்படும் டிரான்ஸ்பார்மர் கடிகாரத்தை எரியாமல் காப்பாற்றும், நேரத்தைக் காப்பாற்றாது.

எரியாமல் காப்பாற்றும் என்பதும் பாதி உண்மைதான். காயிலுக்குள் எழும் காந்தப்பாய்வு, வோல்ட்டை அலைவால் வகுத்தால் வரும் விகிதத்தைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸில் 120 வோல்ட் என்றால் விகிதம் இரண்டு. அலைவு 50 ஆகி வோல்ட் 120ஆகவே இருந்தால் விகிதம் 2.4 ஆகிவிடும். இரும்பு உட்கரு திணறும், காயில் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும், சூடேறும். டெலிகிரான் ரோட்டார் எண்ணெய்விட்டு அடைத்த ஒரு சிறு உலோகக் கூட்டுக்குள் இருக்கிறது. தொடர்ந்து சூடேறினால் அந்த எண்ணெய் கெட்டியாகி வறண்டு, கடிகாரம் கரகரக்கத் தொடங்கும். ஆகவே 50 ஹெர்ட்ஸில்தான் ஓட்டுவேன் என்றால் வோல்ட்டை 100 அளவுக்குக் குறைப்பது நல்லது. ஜப்பானியப் பொருட்களுக்கென்று விற்கும் 100 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இதற்குப் போதும். கடிகாரம் சூடாகாது. பின்தங்குவது மட்டும் அப்படியே இருக்கும்.

ரோட்டாரையே மாற்றுவது இன்னொரு வழி. டெலிகிரான் நிறுவனம் 50 சைக்கிளுக்கான (ஹெர்ட்ஸுக்கு அந்தக் காலத்துப் பெயர்) ரோட்டார்களையும் செய்தது; பல்சக்கர விகிதம் மட்டும் வேறு. சரியான வகை கிடைத்தால் இதைவிட நேர்த்தியான தீர்வு கிடையாது. ஆனால் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அதன் எண்ணெய் எந்த நிலையில் இருக்கும் என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மிச்சமிருப்பது சரியான வழி: அந்தக் கடிகாரத்துக்கு 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையே தயாரித்துக் கொடுப்பது. கேட்கும்போது பெரிய காரியமாகத் தோன்றும். ஒரு டெலிகிரான் கடிகாரம் எடுப்பது இரண்டு, மூன்று வாட் மட்டுமே. இரவு விளக்கின் அளவு. அவ்வளவு சிறிய மின்சாரத்தை விரும்பிய அலைவில் உண்டாக்க ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையர் போதும். குவார்ட்ஸ் படிகம் ஒன்று துல்லியமான துடிப்பைத் தரும். மைக்ரோகன்ட்ரோலர் அதை எண்ணி, நொடிக்குச் சரியாக 60 அலைகளாக வடிக்கும். ஆம்ப்ளிஃபையர் அந்த அலைக்கு வலுவூட்டும். பொருத்தமான சிறு டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தலைகீழாக இணைத்தால் அந்த அலை 120 வோல்ட்டாக உயரும். எல்லாமே சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற பொருட்கள்தான். பாலிடெக்னிக் மாணவர் ஒருவருக்கு இது ஒரு நல்ல செய்முறைப் பயிற்சி. வெளிவரும் மின்சாரம் ஆளைத் தாக்கக்கூடியது என்பதால் பழக்கமில்லாதவர்கள் தனியாகச் செய்துபார்க்கக் கூடாது.

இதில் இறங்கிய பழைய தலைமுறையினர் எம்.எம்.5369 என்ற சிப்பை மறக்க மாட்டார்கள். அமெரிக்கக் கலர் டிவிகளுக்காகக் கோடிக்கணக்கில் தயாரானதால் மலிவாகிப்போன 3.579545 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எடுத்து, அதன் துடிப்பை 59,659ஆல் வகுத்து 60 ஹெர்ட்ஸ் தரும் சிப் அது. வகுத்துப் பார்த்தால் பிழை பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது. படிகத்தின் சொந்தப் பிழைதான் அதைவிடப் பெரியது.

அந்தப் படிகப் பிழை எவ்வளவு? சாதாரணப் படிகம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் ஒரு நாளைக்கு ஒன்றேமுக்கால் நொடி. ஆண்டுக்குப் பத்தரை நிமிடம். வெப்பநிலைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் படிகம் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு பிசகினால் ஆண்டுக்கு ஒரு நிமிடம்தான். அதுவும் போதாது என்பவர்கள் ஜி.பி.எஸ். ரிசீவரை இணைத்துவிடுகிறார்கள். செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரங்களை ஒட்டி நொடிக்கு ஒரு துடிப்பு வரும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் சரியாக 60 அலைகள் என்று மைக்ரோகன்ட்ரோலரைக் கட்டிப்போட்டால் நேரப்பிழை சேரவே சேராது. எல் தெரு மின்நிலையத்தின் ஊசலை நம்பி வாரன் செய்த கடிகாரம், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அணுவை நம்பி ஓடுகிறது. மோட்டாரில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அலையின் வடிவமும் முக்கியம். மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது மின்விசிறி உறுமுவதைத் தமிழ்நாட்டில் கேட்காத வீடு குறைவு. ஸ்கொயர் வேவ் எனப்படும் கட்டம்கட்டமான அலை மோட்டாரை அதிரவைத்துச் சூடாக்கும். கடிகார மோட்டாருக்கும் அதே கதிதான். வழுவழுப்பான சைன் அலையே வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கும் பெரிய அலைவு மாற்றிகளிலும் இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்வது அவசியம். விலை அதிகம் என்பதால் மட்டுமே அலை வழுவழுப்பாகிவிடாது.

படுக்கையறையில் சிவப்பு எண்கள் ஒளிரும் டிஜிட்டல் ரேடியோ கடிகாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1980களிலும் 90களிலும் அமெரிக்காவிலிருந்து திரும்பிய பெட்டிகளில் அது தவறாமல் இருந்தது. டிஜிட்டல் என்பதால் அது தானே நேரத்தை அளக்கும் என்று நம்பியவர்கள் பலர். அவற்றில் பெரும்பாலானவை மின்சார அலைவை எண்ணித்தான் நேரம் காட்டின. ஆகவே அவையும் இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கின. இவற்றுக்கு வைத்தியம் எளிது. எல்.எம்.8560 போன்ற கடிகாரச் சிப்புகளில் ஒரு பின்னை எங்கே இணைக்கிறோம் என்பதைப் பொறுத்து 50ஆ 60ஆ என்று தேர்ந்தெடுக்கலாம். சில மாடல்களில் அதற்கான சுவிட்சே பின்பக்கம் இருக்கும். விவரமறிந்த டிவி மெக்கானிக்கிடம் கொடுத்தால் சிறிய வேலை. பரணில் தூசி படிந்து கிடக்கும் அத்தகைய கடிகாரங்கள் பலவும் பழுதானவையே அல்ல.

சரி, 50 ஹெர்ட்ஸ் கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸ் நாட்டில் ஓட்டினால் கவலையில்லையா? அதற்கு மின்தொகுப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். 2018 ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் தொடக்கம் வரை, ஸ்பெயின் முதல் துருக்கி வரை நீளும் ஐரோப்பிய மின்தொகுப்பில் அடுப்புக் கடிகாரங்களும் ரேடியோ கடிகாரங்களும் ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கின. செர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான தகராறில் 113 கிகாவாட் மணி மின்சாரம் தொகுப்புக்கு வராமல் போனதே காரணம். சராசரி அலைவு 49.996க்கு இறங்கியது. 0.004 ஹெர்ட்ஸ் குறைவு என்பது எந்த மின்கருவிக்கும் தெரியாது. வாரக்கணக்கில் விடாமல் எண்ணிய கடிகாரங்களுக்குத் தெரிந்துவிட்டது. அங்கே சுவிட்சர்லாந்தின் மின்தொகுப்பு நிறுவனம் இந்த நேரப்பிழையைத் தொடர்ந்து கணக்கிடுகிறது. பிழை 20 நொடியைத் தாண்டினால் அலைவை 50.01 அல்லது 49.99 என்று வைத்து ஈடுசெய்வது வழக்கம். அந்த முறைதான் அந்த வாரங்களில் தோற்றுப்போனது.

நம் நாட்டின் கதை இதைவிடக் கடுமையானது. 1990களில் தென்மண்டல மின்தொகுப்பில் அலைவு 48க்கும் 51க்கும் இடையே ஊசலாடியது. மாலை உச்ச நேரத்தில் 48.5 என்று நான்கு மணி நேரம் இருந்தால், சின்க்ரனஸ் கடிகாரம் அந்த ஒரே மாலையில் ஏழு நிமிடத்துக்கு மேல் இழக்கும். அலைவு குறையக் குறைய, ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கும் மாநிலம் அதிக விலை கொடுக்க வேண்டும் என்ற புதிய கட்டணமுறை 2003 ஜனவரியில் தெற்கே நடைமுறைக்கு வந்தது. ஒழுங்கு திரும்பத் தொடங்கியது அதன் பிறகுதான். 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் வழித்தடத்தில் தென்மண்டலம் மற்ற மண்டலங்களோடு இணைந்தது. அன்றிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே அலைவு. இன்று விதிமுறை அனுமதிக்கும் வரம்பு 49.90 முதல் 50.05 வரை.

பெரிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் கடிகாரத்துக்கு அந்த வரம்பு அகலம். ஒரு நாள் முழுவதும் சராசரி 0.02 ஹெர்ட்ஸ் குறைந்தாலே 35 நொடி போய்விடும். 0.05 குறைந்தால் ஒன்றரை நிமிடம். நடுவே ஒரு மின்வெட்டு வந்தால் அது தனிக் கணக்கு. சுவரில் மாட்டிய மின்சாரக் கடிகாரம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் போல இங்கே வீட்டுக்கு வீடு வேரூன்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதனால்தான், ஊர் மின்சாரத்தின் அலைவைப் பார்க்காமல் தனக்கென்று படிகம் வைத்திருக்கும் சிறு மின்பெட்டி, அமெரிக்கக் கடிகாரத்துக்கு மட்டுமல்லாமல் இங்கே ஓடும் ஸ்மித்ஸ் கடிகாரத்துக்கும் நல்லது. அதற்கு 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட் என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு சிறிய பேட்டரியைச் சேர்த்தால் மின்வெட்டிலும் நிற்காது. முப்பது வாட் தரும் ஒரே பெட்டி, பத்துக் கடிகாரங்களை ஒன்றுபோல ஓட்டும். அருங்காட்சியகங்களும், பழைய கடிகாரங்களை நிறுத்திவைத்தே காட்சிப்படுத்தும் பாரம்பரிய விடுதிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

பேட்டரி மெஷின் போட்டால் என்ன குறைந்துவிட்டது, மணி தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மணி பார்ப்பதற்கென்றால் கைபேசியே போதும். பழைய கடிகாரத்தை வாங்குவது அது ஓடும் விதத்துக்காக. சின்க்ரனஸ் மோட்டாரின் நொடிமுள் துள்ளித்துள்ளிப் போகாது. ஒரே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். 1928இல் பால் ஃப்ராங்கல் டெலிகிரானுக்காக வடிவமைத்த மாடர்னீக் போன்ற கடிகாரங்களின் முகப்பு மின்மோட்டாரின் காலத்து அழகைச் சொல்வது. அதற்குள் டிக்டிக் என்று துள்ளும் மெஷினை வைப்பது அந்த வடிவமைப்புக்குச் செய்யும் அநீதி. ஓசையில்லாமல் வழுக்கும் ஸ்வீப் குவார்ட்ஸ் மெஷின்களும் கடைகளில் இருக்கின்றன. அவை கண்ணை ஏமாற்றலாம். மின்வெட்டைச் சொல்லும் சிவப்புப் பொட்டை அவற்றால் தர முடியாது. முகப்பின் நடுத்துளையைப் பெரிதாக்கியும், முட்களின் அடியை வெட்டியும் பொருத்தப்படுவதால் பிறகு பழைய மெஷின் கிடைத்தாலும் திரும்பப் பூட்ட முடியாமல் போவதும் உண்டு.

உண்மையிலேயே செத்துப்போன மோட்டார்களும் இருக்கின்றன. காயில் அறுந்து, ரோட்டார் இறுகி, மாற்று கிடைக்காத நிலையில் பேட்டரி மெஷினைப் போடுவதைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன் காயிலை மீட்டர் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். ரோட்டாருக்கு மெல்லிய எண்ணெய் ஏற்றிப் பார்க்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் “பழசு” என்ற ஒரே சொல்லில் தீர்ப்பெழுதுவதுதான் தவறு. நல்ல கடைக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்டால் இன்னும் பலர் செய்வார்கள்.

விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பழம்பொருள் விற்பவர் கடிகாரத்தின் வயதையும் நாட்டையும் சொல்கிறார். எத்தனை வோல்ட், எத்தனை சைக்கிள் என்பதையும் விலைச்சீட்டிலேயே எழுத வேண்டும். அது பின்பக்கத் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது, தேட வேண்டிய அவசியம்கூட இல்லை.

வீட்டில் அப்படி ஒரு கடிகாரம் இருந்தால் பிளக்கைச் செருகுவதற்கு முன் அந்தத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்று இருந்தால் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகாதீர்கள், காயில் கருகிவிடும். ஒயரின் ரப்பரோ துணியோ வெடித்திருந்தால் முதலில் ஒயரை மாற்றுங்கள். அந்தக் காலத்து உலோகக் கூடுகளுக்கு எர்த் கம்பி கிடையாது என்பதால் இது அவசியம். 60 சைக்கிள் என்று இருந்தால் டிரான்ஸ்பார்மரோடு நிறுத்தாமல், சைன் அலையில் 60 ஹெர்ட்ஸ் தரும் சிறு மின்பெட்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஏற்கெனவே பேட்டரி மெஷின் போட்டாகிவிட்டது என்றால், கழற்றிய மோட்டாரைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, ஒரு பையில் போட்டுக் கடிகாரத்தோடு சேர்த்து வையுங்கள்.